நுளம்பு வலைக்குள் ஒளித்துப் படிக்கும் அம்மாவுக்கு

இந்த முறை வந்த கடிதம் கொப்பித் தாளில் ஏழு பக்கம். கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் நடுவில் உள்ள ஒரு கடற்கரை ஊரிலிருந்து 34 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். ஊரையும், ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றிவிட்டேன். மற்றதெல்லாம் அவர் சொன்னபடியே.

2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தபோது அவருக்குப் பதின்மூன்று வயது. வீடு போனது, புத்தகங்கள் போயின. கூடாரத்திலும் பிறகு தகரக் கொட்டிலிலும் இருந்து படித்து 2010இல் கலைப்பிரிவில் உயர்தரம் எழுதினார். மூன்று பாடமும் சித்தி. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி கொஞ்சத்தில் தவறிவிட்டது. அப்புறம் ஒரு வருடம் ஊர் முன்பள்ளியில் படிப்பித்தார். 23 வயதில் கலியாணம். மகளுக்கு இப்போது பத்து வயது, இந்த வருடம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை. மகனுக்கு நாலு வயது, காலையில் முன்பள்ளிக்குப் போய் பதினொன்றரைக்கு வந்துவிடுவான். கணவர் ஐந்து வருடமாகக் கட்டாரில். அம்மா அதே வளவில் பின்னாலுள்ள சின்ன வீட்டில் இருக்கிறார். சீனி வருத்தம், முழங்கால் நோவு.

மூன்று மாதத்துக்கு முன் முகநூலில் ஒரு விளம்பரம் பார்த்திருக்கிறார். ஆறு மாதத்தில் உளவியல் டிப்ளோமா, முடித்தவுடன் ஆலோசகராக வேலை செய்யலாம் என்று. கணவருக்குச் சொல்லாமல், பெண்கள் குழுவொன்றின் மூலம் 40,000 ரூபாய் கடன் எடுத்து முதல் தவணையைக் கட்டிவிட்டார். பாடம் வட்ஸ்அப்பில் வருகிறது. பிள்ளைகள் தூங்கியபின், பதினொரு மணிக்கு மேல், நுளம்பு வலைக்குள் போனின் வெளிச்சத்தில் படிக்கிறார்.

பிறகு நடந்ததை அவருடைய சொல்லிலேயே தருகிறேன்: “ஒரு நாள் இரவு சின்னவன் முழிச்சிப் போனைப் பறிச்சான். நான் அடிச்சிப் போட்டன். கன்னத்தில விரல் அடையாளம் பதிஞ்சி போச்சு. விடியும் மட்டும் நான் நித்திரை கொள்ளல்ல. எனக்கு இந்தப் படிப்புத் தேவையா? நான் சுயநலக்காரியா? புள்ளையள் வளரும் மட்டும் பொறுத்துக்கொண்டு இருக்கிறதுதானே சரி?”

தங்கச்சி, உங்கள் ஏழு பக்கத்தில் ‘மன்னிக்கவும்’ என்ற சொல் பதினொரு இடத்தில் வருகிறது. பென்சிலால் கோடு போட்டு எண்ணினேன். களவெடுத்துப் பிடிபட்டவர் எழுதிய கடிதம் மாதிரி இருக்கிறது. நீங்கள் செய்தது இரண்டு வேறு வேறு காரியம். பிள்ளையை அடித்தீர்கள், அது பிழை. படித்தீர்கள், அது பிழை இல்லை. இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, ‘படிப்பு வந்ததால்தான் கை நீண்டது’ என்று முடிவுகட்டுகிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒளித்துப் படித்ததால் கை நீண்டது. நித்திரை இல்லாததால் நீண்டது.

அந்த இரவு

முதலில் இதைத் தீர்ப்போம், ஏனென்றால் இது தீராமல் மற்ற எதையும் உங்கள் காது ஏற்காது.

நாலு வயதுப் பிள்ளை நடு இரவில் முழித்துப் பார்க்கிறான். வலைக்குள் நீல வெளிச்சம், அதற்குள் அம்மாவின் முகம், அந்த முகம் தன்னைப் பார்க்கவில்லை. போனைப் பறிக்கிறான். அவன் கேட்டது போனை அல்ல. அது உங்களுக்கும் தெரியும், அதனால்தான் விடியும் மட்டும் அழுதீர்கள்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்பதைப் பற்றி ஏழு பக்கத்திலும் ஒரு வரி இல்லை. அடுத்த நாள் கடையில் கின்டர் ஜோய் வாங்கிக் கொடுத்ததாக மட்டும் இருக்கிறது. இனிப்பு நல்லதுதான், ஆனால் அது வேறு. மூன்று கிழமை கழிந்துவிட்டது, இனி எதற்கு என்று நினைக்க வேண்டாம். அவனைக் குளிக்க வார்க்கும் நேரத்திலோ சோறு தீத்தும் நேரத்திலோ நேரே சொல்லுங்கள்: “அண்டைக்கு ராவு அம்மா உனக்கு அடிச்சிப் போட்டன். அது பிழை. உனக்கு நொந்திருக்கும். இனி அடிக்க மாட்டன்.” அவ்வளவுதான். “நீ போனைப் பறிச்சதால” என்று பின்னால் ஒரு வாலைக் கட்டிவிடாதீர்கள். எங்கள் ஊரில் பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பது வழக்கமில்லை. மரியாதை குறைந்துவிடும் என்று பயம். இருபது வருடமாக உளவளத்துணை வேலையில், அதாவது மன ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன், மன்னிப்புக் கேட்டதால் பிள்ளையிடம் மரியாதை இழந்த ஒரு தாயைக்கூட நான் பார்க்கவில்லை.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் தலைச்சுற்று, முடி கொட்டுதல், மத்தியானத்தில் உடம்பை இழுத்துக்கொண்டு நடப்பது என்றெல்லாம் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இதைச் சோம்பல் என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். இரத்தச் சோகை இருந்தாலும் தைரொயிட் குறைந்தாலும் இதே மாதிரித்தான் இருக்கும். உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பெண்களின் உடம்பைச் சோதித்துப் பார்க்கும் சுகவனிதையர் கிளினிக் எந்த நாள் என்று குடும்ப நல உத்தியோகத்தரிடம், அதாவது உங்கள் மிட்வைஃப் அம்மாவிடம் கேளுங்கள். 35 வயதுப் பெண்களை அவர்களே தேடிக் கூப்பிடுவார்கள். நீங்கள் ஒரு வருடம் முந்திப் போவதில் ஒன்றும் குறைந்துவிடாது. கவலையும் அழுகையும் இரண்டு கிழமைக்கு மேல் நாள் முழுக்க நீடித்தால், அல்லது ‘நான் இல்லாவிட்டால் நல்லது’ என்ற நினைப்பு ஒரு தடவை வந்தால்கூட, எனக்கு எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், 24 மணித்தியாலமும் வேலை செய்யும். பகலில் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். அங்கே போனால் ஊர் ‘பைத்தியம்’ என்று சொல்லும் என்று பயப்படுவீர்கள். சொல்லட்டும். ஊர் எதைத்தான் சொல்லவில்லை.

“வளரும் மட்டும் பொறுப்பது”

இது அம்மாக்கள் எல்லாரும் சொல்கிற வசனம். கேட்க நியாயமாகவும் இருக்கும். ஆனால் எது வரை? சின்னவன் ஐந்தாம் ஆண்டுக்கு வர இன்னும் ஆறு வருடம். அப்போது அவனுக்குப் புலமைப்பரிசில், மகளுக்குச் சாதாரண தரம் நடக்கிற வயது. அதற்குப் பிறகு உயர்தரம், ரியூசன், பிறகு மகளின் கலியாணம், பிறகு மகளின் பிள்ளைப்பேறு. எங்கள் பக்கத்தில் மகளுக்கு வளவும் வீடும் கொடுத்து அம்மா பின்வளவுக்குப் போவதுதான் முறை. உங்கள் அம்மா இப்போது பின்வீட்டில் இருப்பது போல ஒரு நாள் நீங்களும் அங்கே போவீர்கள். வரிசையில் உங்களுக்கென்று ஒரு இடம் தானாக வந்து நிற்கப்போவதில்லை.

நல்ல தாய் என்றால் முழு நேரமும் பிள்ளையோடு இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். இதில் கொஞ்சம் திருத்தம் தேவை. மெலிசா மில்கி என்ற சமூகவியலாளரும் அவருடைய குழுவும் 2015இல் அமெரிக்கக் குடும்பங்களை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 3 முதல் 11 வயது வரையான பிள்ளைகளோடு தாய் எத்தனை மணித்தியாலம் இருக்கிறார் என்ற கணக்குக்கும், பிள்ளையின் நடத்தை, மனநிலை, படிப்பு ஆகியவற்றுக்கும் சொல்லும்படியான தொடர்பு அவர்களுக்குத் தெரியவில்லை. பதின்ம வயதில்தான், சேர்ந்து எதையாவது செய்கிற நேரத்துக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தது. அமெரிக்காக்காரருக்குச் சரியானது கல்லாற்றுக்கும் களுவாஞ்சிகுடிக்கும் அப்படியே பொருந்த வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் வாரத்தில் ஆறு மணித்தியாலம் நீங்கள் கொப்பி விரித்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. கெடுப்பது வேறு: களைத்து, எரிந்து விழுந்து, உடம்பு மட்டும் அருகில் இருக்கிற அம்மா. மூன்று மாதமாக நீங்கள் அப்படித்தான் இருக்கிறீர்கள், அதுவும் பிள்ளைகளுக்காக என்று சொல்லிக்கொண்டு.

மகளின் புலமைப்பரிசில் பற்றியும் ஒரு வார்த்தை. “இந்த வருசம் நான் அவளோடதான் முழுக்க நிக்கவேணும்” என்று எழுதியிருக்கிறீர்கள். பரீட்சை எழுதப்போவது யார்? ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குக் காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் இரண்டு ரியூசன், இரவில் பக்கத்தில் அம்மா கையில் கடந்தகால வினாத்தாள். நீங்கள் அந்த மேசையின் மறுபக்கத்தில் இருந்து உங்கள் சொந்தப் புத்தகத்தைப் படித்தால் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கும். இதை எழுதியதற்கு எனக்கு எத்தனை பேரிடமிருந்து திட்டு வரும் என்று தெரியும்.

பாய் விரித்தால் படிப்பு

இரவுப் படிப்பை இன்றோடு நிறுத்துங்கள். படிப்பை அல்ல, இரவை. பதினொரு மணிக்குப் படித்து நாலரைக்கு எழும்பி இடியப்பம் பிழிகிற உடம்புக்கு எதுவும் மனதில் பதியாது.

பகலில் இடம் எங்கே? உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சின்னவன் முன்பள்ளிக்குப் போனபின் எட்டு மணி முதல் பதினொன்றரை வரை மூன்றரை மணித்தியாலம். அந்த நேரத்தில் வளவு கூட்டுவது, உடுப்புத் தோய்ப்பது, மீன் வெட்டுவது, மாமி போன் எடுத்தால் கதைப்பது. வாரத்தில் மூன்று நாள், ஒன்பதிலிருந்து பத்தரை வரை மட்டும் உங்களுக்கு எடுங்கள். உடுப்பை அவன் வந்தபின் தோய்க்கலாம், வாளித் தண்ணீரில் அவனும் கை வைப்பான், அது அவனுக்குச் சந்தோசம். பிள்ளை முன்பள்ளியில் இருக்கும் நேரத்தில் உடுப்புத் தோய்த்துவிட்டு, படிக்கப் பிள்ளை தூங்கும் வரை காத்திருப்பது தலைகீழ்.

வீட்டில் பிள்ளைகள் இருக்கும்போதும் தினம் கொஞ்ச நேரம் படியுங்கள், அவர்கள் பார்க்க. நாலு வயதுக்காரனுக்கு ‘அரை மணித்தியாலம்’ என்றால் என்னவென்று விளங்காது. ‘கொஞ்சம் பொறு’ என்றால் அது பொய் என்று அவனுக்கு ஏற்கனவே தெரியும். அவனுக்குக் கண்ணால் காணக்கூடிய ஒன்று வேண்டும். வீட்டில் பன்பாய் இருக்கும்தானே? அதை விரித்தால் அம்மா படிக்கிற நேரம், சுருட்டினால் முடிந்தது. முதல் கிழமை பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். அவனுக்கும் ஒரு பழைய கொப்பியும் பென்சிலும் கொடுத்துப் பாயின் ஒரு மூலையைக் கொடுங்கள். சுருட்டுகிற வேலை அவனுடையது. முக்கியமானது என்னவென்றால், சுருட்டியபின் போன் அலுமாரிக்கு மேலே போக வேண்டும், நீங்கள் அவனிடம் வரவேண்டும். இரண்டு நாள் ஏமாற்றினீர்கள் என்றால் பாய்க்கு மதிப்புப் போய்விடும்.

நான் இந்தத் துறைக்குப் படித்த காலத்தில் என் மூத்தவனுக்கு மூன்று வயது. நான் எழுதிவைத்த ஒப்படையின் மேல் நீலப் பேனையால் ஒரு பெரிய மீன் கீறிவைத்தான். திருப்பி எழுத நேரமில்லை, மீனோடுதான் கொடுத்தேன். விரிவுரையாளர் மீனுக்குப் புள்ளி போடவில்லை, குறைக்கவும் இல்லை.

கணவருக்குச் சொல்வது

“அவருடைய அனுமதி இல்லாமல் சேர்ந்தது சட்டப்படி பிழையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நான் சட்டத்தரணி இல்லை, ஆனால் இதைச் சொல்ல சட்டத்தரணி தேவையில்லை. 34 வயதுப் பெண் ஒரு பாடநெறியில் சேரக் கணவரின் கையெழுத்து வேண்டும் என்று இலங்கையில் எந்தச் சட்டமும் இல்லை.

ஆனால் உரிமை இருப்பது வேறு, ஒளிப்பது வேறு. நீங்கள் ஒளித்தது படிப்பை மட்டுமல்ல, கடனையும். குழுக் கடன் என்றால் உங்களுக்குப் பிணை நிற்பது அக்கம்பக்கத்துப் பெண்கள். ஒரு வாரத் தவணை தவறினால் படலையில் ஆள் வந்து நிற்கும். ஊர்ச் செய்தி கட்டாருக்குப் போக விமான டிக்கெட் தேவையில்லை. அவர் இதை மூன்றாம் ஆளிடமிருந்து கேள்விப்பட்டால், பிறகு நீங்கள் படிப்பைப் பற்றிச் சொல்கிற எதையும் நம்ப மாட்டார். அவர் மேல் பிழை சொல்லவும் முடியாது.

எப்போது சொல்வது என்பதில் கவனம் தேவை. அவர் வழக்கமாக இரவு பத்தரைக்கு எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கட்டார் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால், ஆகவே அங்கே எட்டு மணி. வேலை முடிந்து, குளித்து, சமைத்து, களைத்துப்போய் இருக்கிற நேரம். அந்த நேரம் வேண்டாம். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. எங்களுக்குக் காலை பத்தரை என்றால் அவருக்கு எட்டு மணி, தேநீர் குடிக்கிற நேரம். மகள் பள்ளிக்கூடத்தில், சின்னவன் முன்பள்ளியில். முந்திய நாளே “நாளைக்குக் காலையில ஒரு விசயம் கதைக்கவேணும், பயப்படுற மாதிரி ஒண்டும் இல்ல” என்று சொல்லி வையுங்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் வீட்டிலிருந்து நேரம் தவறி போன் வந்தால் யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்றுதான் முதலில் நினைப்பார்கள்.

முதலில் கடனைச் சொல்லுங்கள், தொகையோடு. பிறகு ஒளித்ததற்கு வருத்தம் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் படிப்பு. படிப்பைப் பற்றிச் சொல்லும்போது மன்னிப்புக் கேட்காதீர்கள். அடுத்த இரண்டு வருடத்துக்கு உங்கள் திட்டம் என்ன, எவ்வளவு செலவு, பிள்ளைகளுக்கு யார் என்று சொல்லுங்கள். அவர் கோபப்படலாம். “நான் இஞ்ச வெயில்ல காயுறன்” என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. அதை மறுத்துப் பேச வேண்டாம். ஆனால் அவர் எப்போதும் கட்டாரில் இருக்கப்போவதில்லை. அவர் திரும்பி வரும்போது இந்த வீட்டில் இரண்டாவது சம்பளம் ஒன்று இருக்குமா இல்லையா என்பது அவரையும் பற்றிய கேள்விதான். இதை அவரிடம் கேள்வியாகவே கேளுங்கள்.

அவர் கைநீட்டுகிறவரோ மிரட்டுகிறவரோ அல்ல என்று எழுதியிருப்பதால் இவ்வளவையும் சொல்கிறேன். இதை வாசிக்கிற வேறு ஒருவருக்கு அந்த நிலைமை இருந்தால் இந்த அறிவுரை அவருக்கு இல்லை. அவர் முதலில் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு எடுக்கட்டும், அல்லது பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரைப் பார்க்கட்டும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்க வழி உண்டு.

அம்மாவும் மாமியும்

மாமி “அவன் அங்க காயுறான், இவ இஞ்ச புத்தகம் தூக்கிறா” என்று சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். மாமி இருப்பது அடுத்த ஊரில், வீடு உங்கள் சீதன வீடு. இந்த விசயத்தில் மட்டக்களப்புப் பெண்ணுக்கு உள்ள வசதி வேறு பல ஊர்ப் பெண்களுக்கு இல்லை. மாமிக்குப் பதில் சொல்லும் வேலையைக் கணவரிடம் விடுங்கள். அவர் ஒத்துக்கொண்டபின் அவருடைய அம்மாவிடம் அவரே சொல்லட்டும்.

உங்கள் அம்மா விசயம்தான் எனக்கு யோசனை. “அம்மா இருக்கிறா, பார்த்துக்கொள்ளுவா” என்று ஒரே வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். முழங்கால் நோவோடு நாலு வயதுப் பையனின் பின்னால் ஓட யாரால் முடியும்? அவருக்கும் கிளினிக் நாள் உண்டு, கோயில் உண்டு, மத்தியானத் தூக்கம் உண்டு. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தால் குளிர்த்திச் சடங்கு முடியும் வரை அவரிடம் நீங்கள் எதையும் எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்க்கவும் கூடாது. அம்மாவிடம் கேளுங்கள், எந்த நாள், எத்தனை மணித்தியாலம் முடியும் என்று. இரண்டு சனிக்கிழமை என்று சொன்னால் இரண்டுதான். மிச்சத்துக்கு அக்காவோ, பக்கத்து வீட்டுத் தாயோ, மாறி மாறிப் பிள்ளை பார்க்க ஒருவர் கிடைப்பார். அவருடைய பிள்ளையை நீங்கள் ஒரு பின்னேரம் பார்த்தால் கணக்குச் சரி.

எந்தப் படிப்பு

இங்கே கொஞ்சம் கடுமையாகச் சொல்லப்போகிறேன். ஆறு மாத வட்ஸ்அப் பாடத்தால் ஒருவர் உளவளத்துணையாளர் ஆக முடியாது. இது என் தொழில், அதனால் சொல்ல எனக்கு உரிமை உண்டு. மற்ற மனிதரின் துக்கத்தைக் கையில் எடுப்பதற்கு முன், அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் நீண்ட காலம் பழக வேண்டும். உங்களுக்கு அந்த ஆசை இருப்பது நல்லது. கூடாரத்தில் இருந்த காலத்தில் உங்களோடு வந்து விளையாடிய ஒரு அக்காவைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த வாசல் இது அல்ல.

சான்றிதழ் எது தந்தாலும் ஒன்றுதான் என்ற நினைப்பும் பிழை. தொழிற்பயிற்சி தரும் நிறுவனம் என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்க வேண்டும்; பாடநெறிக்குத் தேசிய தொழிற் தகைமை மட்டம் இருக்கிறதா, எத்தனையாம் மட்டம் என்று கேளுங்கள். பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றதா என்று பாருங்கள். உங்கள் நிறுவனத்திடம் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். ‘சர்வதேச அங்கீகாரம்’ என்று மட்டும் பதில் வந்தால் அதுவே பதில்.

உங்கள் உயர்தரப் பெறுபேறு ‘பழுதாகி’ விடவும் இல்லை. பதினைந்து வருடம் ஆனாலும் சித்தி சித்திதான். நீங்கள் தவறவிட்டது உள்வாரிப் பல்கலைக்கழகத்தின் வெட்டுப்புள்ளியை. 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில், அந்த வெட்டுப்புள்ளிக்கான இஸட் புள்ளிப் போட்டி இல்லை. அதற்கு மட்டக்களப்பில் பிராந்திய நிலையம் இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து கல்முனை பஸ்ஸில் ஏறினால் வரக்கூடிய தூரம். அங்கே முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ்ப் பாடநெறி தமிழிலும் நடக்கிறது. பட்டப் பாடநெறிகள் பலவற்றுக்கு ஆங்கிலம்தான் மொழி, ஆகவே விண்ணப்பிக்குமுன் எந்த மொழி என்று கேட்காமல் பணம் கட்ட வேண்டாம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்களும் உண்டு. அதற்கு விண்ணப்பம் கோரும் காலத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முன்பள்ளிச் சான்றிதழில் தொடங்குவேன். ஒரு வருடம் படிப்பித்த அனுபவம் இருக்கிறது. அந்த ஒரு வருடத்தைப் பற்றி எழுதிய பக்கத்தில்தான் நீங்கள் ஒரு இடத்திலும் மன்னிப்புக் கேட்கவில்லை. முன்பள்ளி ஆசிரியருக்குக் கிடைக்கிற கொடுப்பனவு குறைவு, அதில் மயக்கம் வேண்டாம். வீடு நடத்தப் போதாது. ஆனால் வேலை நேரம் சின்னவன் வீட்டில் இல்லாத அதே நேரம். மூன்று நாலு வருடத்தில் அவன் பெரிய பள்ளிக்கூடத்தில் நிலைத்தபின் பட்டத்துக்குப் போகலாம், உளவியல் பக்கமும் போகலாம். அப்போது நாலு வயதுப் பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்குக் கூடத் தெரிந்திருக்கும்.

இல்லை, உடனே வருமானம்தான் வேண்டும் என்றால் தையல், கேக் போன்ற குறுகிய தொழிற்பயிற்சிகளும் இருக்கின்றன. அதைத் தாழ்வாகச் சொல்லவில்லை. உங்கள் ஏழு பக்கத்தில் எங்கேயும் தையல் மெசின் இல்லை என்பதால் நான் அங்கே நிற்கவில்லை.

கடன்

இன்னொரு குழுக் கடன் எடுக்க வேண்டாம், படிப்புக்கும் வேண்டாம், இந்தக் கடனை அடைக்கவும் வேண்டாம். எங்கள் மாவட்டத்தில் வாரத் தவணை எத்தனை வீட்டைத் தின்றது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டிவந்தது. இருக்கிற 40,000 ரூபாயை எத்தனை வாரத்தில் முடிக்கலாம் என்று கொப்பியில் எழுதி, அந்தக் கொப்பியோடு வெள்ளிக்கிழமை கணவரிடம் பேசுங்கள்.

அந்த டிப்ளோமா நிறுவனத்தின் இரண்டாம் தவணை அடுத்த மாதம் 5ஆம் திகதி என்று எழுதியிருக்கிறீர்கள். பதிவு இலக்கம் வரும் வரை அதைக் கட்டாதீர்கள். முதல் தவணையைத் திருப்பிக் கேட்டு வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அல்ல, எழுத்தில் அனுப்புங்கள். பற்றுச்சீட்டையும் அந்த விளம்பரத்தையும் படம் எடுத்து வையுங்கள், விளம்பரம் ஒரு நாள் காணாமல் போகலாம். திருப்பித் தருவார்களோ தெரியாது. தராவிட்டால் அவை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போங்கள், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் அடுத்து யாரிடம் போவது என்று சொல்வார். போகும்போது சின்னவனையும் கூட்டிக்கொண்டு போகலாம், அங்கே வாங்கில் நிறைய அம்மாக்கள் அப்படித்தான் இருப்பார்கள்.